விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கோ மேக்குக்கோ: வரவு செலவுக் கணக்கைச் சிதறாமல் கொண்டுபோக முழுமையான வழிகாட்டி

பல வருட வரவு செலவுக் கணக்கு விண்டோஸ் கணினியில் இருக்கிறது. இப்போது லினக்ஸுக்கோ மேக்குக்கோ மாற வேண்டும். கோப்பை யூஎஸ்பியில் காப்பி செய்து புதிய கணினியில் திறந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் இறங்குகிறார்கள். சிலருக்கு அப்படியே முடிந்தும் விடுகிறது. மற்றவர்கள் நாலைந்து மாதம் கழித்து, வங்கி சொல்லும் இருப்பும் மென்பொருள் காட்டும் இருப்பும் ஒத்துப்போகாமல், எங்கே பிசகியது என்றே தெரியாமல் விழிக்கிறார்கள்.

கீழே உள்ள படிகள் ஒவ்வொன்றும் எளிமையானவைதான். மாட்டிக்கொள்கிறவர்கள் படிகளின் வரிசையை மாற்றித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எடுத்துக்காட்டுகளுக்கு க்னூகேஷ் என்ற கணக்கு மென்பொருளை வைத்துக்கொள்கிறேன். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாகக் கிடைப்பது என்பதால். கேமைமணி, ஹோம்பேங்க், மணி மேனேஜர் எக்ஸ், மணிடான்ஸ் என்று எதற்கு மாறினாலும் படிகள் இவையே, மெனுக்களின் பெயர்தான் வேறு.

1. உங்கள் நிலைமை இந்த மூன்றில் எது?

முதல் வகை: இப்போது பயன்படுத்தும் மென்பொருளே புதிய இயங்குதளத்துக்கும் இருக்கிறது. க்னூகேஷ், மணிடான்ஸ் வைத்திருப்பவர்கள் இதில் வருவார்கள். இவர்களுக்குப் படிகள் 4 முதல் 9 வரை தேவையில்லை. 2, 3 இரண்டையும் படித்துவிட்டு நேராக 10-க்குப் போகலாம்.

இரண்டாம் வகை: பெயர் ஒன்று, மென்பொருள் வேறு. விண்டோஸ் குவிக்கனும் மேக் குவிக்கனும் இப்படித்தான். இரண்டும் தனித்தனியாக எழுதப்பட்டவை, கோப்பு வடிவமும் வேறு. மேக் குவிக்கன் விண்டோஸ் கோப்பைத் தன் வடிவத்துக்கு மாற்றித்தான் எடுத்துக்கொள்ளும். அந்த மாற்றத்தில் எல்லாமும் வந்து சேராது. 'ஒரே கம்பெனி மென்பொருள்தானே' என்று சரிபார்க்காமல் விட்டவர்கள்தான் இந்த வகையில் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

மூன்றாம் வகை: புதிய இயங்குதளத்தில் உங்கள் மென்பொருளே இல்லை. குவிக்கனிலிருந்து லினக்ஸுக்குப் போகிறவர்கள், மைக்ரோசாஃப்ட் மணியில் இருப்பவர்கள் எல்லாம் இங்கே. மணியின் விற்பனை 2009-லேயே நின்றுவிட்டது. 2010-ல் வந்த சன்செட் பதிப்பில் இன்னும் கணக்கு எழுதுகிறவர்கள் உண்டு. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இவர்களுக்குத்தான்.

2. மென்பொருளையும் இயங்குதளத்தையும் ஒன்றாக மாற்றாதீர்கள்

ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். புதிய மென்பொருள் விண்டோஸுக்கும் இருந்தால், முதலில் பழைய விண்டோஸ் கணினியிலேயே அதை நிறுவுங்கள். கணக்கைப் பழைய மென்பொருளிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து (வெளியே எடுத்து), அங்கேயே புதியதில் இம்போர்ட் செய்து (உள்ளே ஏற்றி), அங்கேயே சரிபார்த்து, ஒரு மாத ஸ்டேட்மென்டாவது அதில் டேலி ஆனதும்தான் கோப்பைப் புதிய கணினிக்கு எடுத்துப் போக வேண்டும்.

ஏன் இந்தச் சுற்று வழி? இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், கணக்கு இடிக்கும்போது தவறு எங்கே என்று சொல்ல முடியாது. எக்ஸ்போர்ட்டில் போனதா, இம்போர்ட்டில் இணைப்பு தவறியதா, தேதி வடிவம் புரண்டதா, எழுத்துக் குறியாக்கம் கெட்டதா? ஒரே கணினியில் என்றால் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் திறந்திருக்கும். ஒரு பதிவைச் சந்தேகப்பட்டால் அரை நிமிடத்தில் ஒப்பிட்டுவிடலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய மென்பொருள் விண்டோஸின் வட்டார அமைப்பைப் பார்த்துத்தான் தேதியையும் தசமப் புள்ளியையும் எழுதுகிறது. அதே கணினியில் இம்போர்ட் செய்தால் அந்த அமைப்பு மாறாமல் இருக்கும். ஒருமுறை க்னூகேஷுக்குள் வந்துவிட்டால் பிறகு கவலை இல்லை. அது வழக்கமாகச் சேமிக்கும் எக்ஸ்எம்எல் வடிவக் கோப்பில் 123.45 என்ற தொகை 12345/100 என்று பின்னமாகவும், தேதி ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையிலும்தான் பதிவாகிறது. அதை எந்த நாட்டு அமைப்புள்ள எந்த இயங்குதளத்தில் திறந்தாலும் ஒரே பொருள்தான்.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு வெட்டுத் தேதி. சென்ற மாதக் கடைசி நாள் வசதியானது, ஏனென்றால் வங்கி ஸ்டேட்மென்டும் பெரும்பாலும் அங்கேதான் முடிகிறது. அந்தத் தேதிக்குப் பின் பழைய மென்பொருளில் எதையும் எழுதாதீர்கள். இடைப்பட்ட நாட்களின் செலவுகளைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, இருப்புப் பட்டியல். ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் மூன்று தேதிகளுக்கு எடுங்கள்: வெட்டுத் தேதி, போன வருட ஜூன் கடைசி, கணக்கின் நடுவில் எங்காவது ஒரு வருட ஜூன் கடைசி. இன்றைய இருப்பு மட்டும் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. நாளும் மாதமும் இடம் மாறிப்போன பதிவுகள் அதே வருடத்துக்குள்தான் நகர்கின்றன, இன்றைய இருப்பைப் பெரும்பாலும் தொடுவதில்லை. கூட்டல் தொகை அதேதான். வருடத்தின் நடுவில் உள்ள பழைய தேதியில் பார்த்தால்தான் அவை வெளியே வரும்.

இந்தப் பட்டியலில் மூடிய கணக்குகளும் மறைத்து வைத்த கணக்குகளும் இருக்க வேண்டும். எப்போதோ மூடிய சேமிப்புக் கணக்கிலிருந்து இன்றைய கணக்குக்குப் பணம் வந்திருக்கும். பழையதை விட்டுவிட்டால் அந்த டிரான்ஸ்ஃபருக்கு மறுபக்கம் இல்லாமல் போகும். பட்டியலைப் பிடிஎஃப் ஆக்கி, பழைய கணினிக்கு வெளியே வையுங்கள்.

பேக்கப் இரண்டு விதமாக எடுங்கள். மென்பொருளின் சொந்த பேக்கப் ஒன்று, தரவுக் கோப்பு இருக்கும் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தது ஒன்று. கோப்புக்கு பாஸ்வேர்ட் போட்டிருந்தால் பாஸ்வேர்ட் நீக்கிய பிரதி ஒன்றும் வேண்டும். பத்து வருடம் கழித்து அந்த பாஸ்வேர்டை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள்? கோப்பு அப்போது பூட்டில்லாமல் கிடக்கும் என்பதால், அது இருக்கும் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்துவிடுங்கள் (சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி).

கடைசியாக, இதே கணினியில் விண்டோஸை அழித்தோ பக்கத்திலோ லினக்ஸ் போடப் போகிறவர்களுக்கு. டிஸ்க்கில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். பூட் அமைப்பில் கை வைத்ததும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவி கையில் இல்லாவிட்டால் கணக்குக் கோப்பும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

4. எக்ஸ்போர்ட்டுக்கு முன் பெயர்களைச் சரிசெய்யுங்கள்

இதை இம்போர்ட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவார்கள். அப்போது இரட்டிப்பு வேலை. பழைய மென்பொருளில் ஒரு பெயரை மாற்றினால் பழைய பதிவுகள் எல்லாவற்றிலும் தானாக மாறும். எக்ஸ்போர்ட் ஆன கோப்பில் அந்த வசதி கிடையாது.

வகைகளின் பெயரில் சாய்கோடு இருந்தால் எடுத்துவிடுங்கள். 'வாடகை/பராமரிப்பு' என்று ஒரு வகை வைத்திருக்கிறீர்கள் என்றால், கியூஐஎஃப் (எக்ஸ்போர்ட் செய்யும் கோப்பு வடிவங்களில் ஒன்று, படி 5-ல் வருகிறது) வடிவத்தில் சாய்கோட்டுக்குப் பின் வருவது வகுப்பு என்ற வேறொரு பொருளாகிவிடும். வகை 'வாடகை' என்று மட்டும் போய்ச் சேரும். முக்காற்புள்ளி துணைவகையைக் குறிக்கும், சதுர அடைப்பு டிரான்ஸ்ஃபரைக் குறிக்கும்; பெயர்களில் இவையும் வேண்டாம்.

ஒரே பெயரில் இரண்டு கணக்குகள் இருந்தால் ஒன்றின் பெயரை மாற்றுங்கள். பழைய மென்பொருள் அவற்றை உள்ளுக்குள் எண் வைத்துப் பிரித்துக்கொள்கிறது. கியூஐஎஃப்பில் பெயர்தான் அடையாளம், ஆகவே இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

தமிழில் குறிப்புகள் எழுதியிருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். யூனிகோடு தெரியாத பழைய மென்பொருளில், பாமினி போன்ற எழுத்துருவை வைத்து உள்ளிட்டிருந்தால், கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு இல்லாத புதிய கணினியில் அவை அர்த்தமற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எக்ஸ்போர்ட் ஆன கோப்பு முழுவதையும் எழுத்துரு மாற்றியில் போட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் தேதி வரி, தொகை வரிகளின் முதல் எழுத்துகளும் தமிழாகிவிடும். இம்போர்ட் ஒரு வரியைக்கூடப் படிக்காது. பெறுபவர் பெயர்களையும் வகைகளையும் மட்டும் பழைய மென்பொருளிலேயே ஆங்கிலத்தில் மாற்றிவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள், பிறகு புதிய மென்பொருளில் யூனிகோடு தமிழில் பெயர் சூட்டுங்கள். எளிதில் முடிவது இதுதான்.

5. எந்த வடிவத்தில் எடுப்பது?

கியூஐஎஃப், ஓஎஃப்எக்ஸ், சிஎஸ்வி மூன்றில் ஒன்று உங்கள் மென்பொருளில் இருக்கும். முழுக் கணக்கையும் மாற்ற என் தேர்வு கியூஐஎஃப்தான். அது பழையது, குறைகள் நிறைந்தது, ஆனாலும் வகைகளையும் பிரித்தெழுதிய பதிவுகளையும் (ஒரே செலவைப் பல வகைகளில் பங்கிட்டவை) கணக்குகளுக்கு இடையேயான டிரான்ஸ்ஃபர்களையும் சேர்த்துச் சொல்கிறது. ஓஎஃப்எக்ஸ், வங்கி தன் வாடிக்கையாளருக்குப் பதிவுகளைத் தருவதற்கான வடிவம். நீங்கள் இட்ட வகைகள் அதில் வராது.

சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் அட்டவணை) வேறு வழியே இல்லாதபோது. எடுத்தால், எக்செலில் திறந்து பார்த்துவிட்டு 'சேவ்' அழுத்தும் பழக்கம் வேண்டாம். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. நீண்ட கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்கள் போகும், தேதிகளும் அதன் இஷ்டத்துக்கு மாறும். பார்க்க மட்டும் என்றால் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டர் போதும்.

கியூஐஎஃப் கோப்பையும் ஒருமுறை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பாருங்கள். பின்னால் வரும் குழப்பங்கள் பாதி புரிந்துவிடும். ஒரு பதிவுக்குத் தேதி ஒரு வரி, தொகை ஒரு வரி, பெறுபவர் ஒரு வரி, வகை ஒரு வரி. ^ குறி மட்டும் உள்ள வரியோடு அந்தப் பதிவு முடிகிறது. வகை வரியில் [சேமிப்பு] என்று சதுர அடைப்புக்குள் பெயர் இருந்தால் அது வகை அல்ல, சேமிப்புக் கணக்கோடு நடந்த டிரான்ஸ்ஃபர். நாணயம் எது, தேதி எந்த வரிசையில் எழுதப்பட்டது என்ற தகவல்கள் கோப்பில் எங்கும் இல்லை. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளைக் குவிக்கன் 3/5'04 என்று மேற்கோள் குறி போட்டு எழுதும். இது மார்ச் 5-ஆ, மே 3-ஆ என்பதை நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

6. எக்ஸ்போர்ட்

மைக்ரோசாஃப்ட் மணி ஒரு தடவைக்கு ஒரு கணக்கைத்தான் எக்ஸ்போர்ட் செய்யும். கணக்கின் பெயரையே கோப்புக்கும் வையுங்கள். கணக்கு 1, கணக்கு 2 என்று வைத்தால் இம்போர்ட்டின்போது எது எது என்று நீங்களே திணறுவீர்கள், ஏனென்றால் கோப்புக்குள் கணக்கின் பெயர் இருக்கும் என்ற உறுதி இல்லை.

தேதி வரம்பு கேட்டால் முதல் நாளிலிருந்து கொடுங்கள். 'கடைசி இரண்டு வருடம் போதும்' என்று நினைப்பவர்கள், அதற்கேற்ப ஒவ்வொரு கணக்குக்கும் தொடக்க இருப்பைக் கையால் எழுத வேண்டும் என்பதைச் சேர்த்தே முடிவு செய்யுங்கள். அதில் தப்பில்லை. முப்பது வருடக் கணக்கைச் சுமந்துபோவதைவிடப் பலருக்கு அதுதான் பொருத்தம்.

7. இம்போர்ட்: எல்லாக் கணக்குகளும் ஒரே தடவையில்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. எச்சரிக்கையாகச் செய்கிறோம் என்று நினைத்து, ஒரு கணக்கை இம்போர்ட் செய்து சேமித்து, பார்த்துத் திருப்தியடைந்து, பிறகு அடுத்ததற்குப் போவார்கள். எச்சரிக்கைதான் இங்கே பிரச்சினை.

சேமிப்புக் கணக்கிலிருந்து கிரெடிட் கார்டுக்கு 5,000 கட்டினீர்கள் என்று வையுங்கள். சேமிப்பின் கோப்பில் அது 5,000 வெளியே போனதாகவும், கார்டின் கோப்பில் அதே 5,000 உள்ளே வந்ததாகவும் இருக்கிறது. நடந்தது ஒரு நிகழ்வு, கோப்புகளில் இரண்டு பதிவு. முதல் கோப்பை இம்போர்ட் செய்ததுமே க்னூகேஷ் இரண்டு பக்கத்தையும் எழுதிவிடும். தனியாக இரண்டாவது கோப்பு வரும்போது மறுபடியும் எழுதலாம். கார்டின் கடன் 10,000 குறைந்துவிடும். எல்லாக் கோப்புகளையும் ஒரே இம்போர்ட்டில் ஏற்றினால், அது இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கிக்கொள்ளும். க்னூகேஷின் கியூஐஎஃப் உதவியாளர் ஒரு கோப்பை ஏற்றியதும் இன்னும் கோப்புகள் இருக்கின்றனவா என்று கேட்கும். எல்லாம் முடியும் வரை 'அடுத்து' போகாதீர்கள்.

முதல் இம்போர்ட்டை ஒத்திகை என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலியான புதிய கோப்பில் செய்து, என்ன வருகிறது என்று பார்த்து, கோப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சேமித்த இம்போர்ட்டை முழுவதுமாகப் பின்வாங்கும் பொத்தான் கிடையாது. காலிக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குவதுதான் சுலபம்.

ஒத்திகையில் ஒரு நுணுக்கம். எந்த வகை எந்தக் கணக்குக்குப் போகிறது என்று நீங்கள் காட்டிய இணைப்புகளை க்னூகேஷ் தனிக் கோப்பில் நினைவு வைத்துக்கொள்கிறது. முதல் தடவை தவறாகக் காட்டியது அடுத்த தடவையும் தானாக நிரம்பி நிற்கும். ஆகவே இரண்டாம் முறை அந்தப் பட்டியலை வேகமாகத் தாண்டாமல் படியுங்கள். பெயரில் சிறு எழுத்துப் பிழை இருந்தாலே 'சேமிப்பு' என்ற வங்கிக் கணக்கோடு கூடவே 'சேமிபு' என்ற இன்னொரு கணக்கும் முளைத்துவிடும்.

தேதி வரிசையைக் கேட்கும்போது யோசித்துத் தேர்ந்தெடுங்கள். 12-க்கு மேற்பட்ட நாள் ஒன்றாவது கோப்பில் இருந்தால் மென்பொருளே ஊகித்துவிடும். மாதத் தொடக்கத்தில் மட்டும் பதிவு வரும் கடன் கணக்கு போன்றவற்றில் ஊகிக்க வழியில்லை; கேள்வி உங்களிடம்தான் வரும்.

8. சரிபார்ப்பு: இடிக்கும் தொகையே துப்பு

படி 3-ல் எடுத்த பட்டியலை இப்போது வெளியே எடுங்கள். மூன்று தேதிகளுக்கும் புதிய மென்பொருளில் ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) அறிக்கை எடுத்து, கணக்கு கணக்காக ஒப்பிடுங்கள். மொத்தச் சொத்து மதிப்பை மட்டும் பார்க்காதீர்கள். ஒன்றில் கூடியது இன்னொன்றில் குறைந்து மொத்தம் சரியாகத் தெரியும்.

கணக்குப் பட்டியலில் இம்பேலன்ஸ், ஆர்ஃபன் என்ற பெயரில் நீங்கள் உருவாக்காத கணக்குகள் இருக்கின்றனவா? மறுபக்கம் கிடைக்காத பதிவுகளை க்னூகேஷ் இவற்றில்தான் போட்டு வைக்கிறது. முதலில் இவற்றைக் காலி செய்யுங்கள், பாதி வித்தியாசம் அதிலேயே தீரும்.

மீதி வித்தியாசத்தை அதன் குணத்தை வைத்துப் பிடிக்கலாம். மூன்று தேதியிலும் ஒரே தொகை இடித்தால் தொடக்க இருப்பு வரவில்லை, அல்லது இரண்டு முறை வந்திருக்கிறது. கியூஐஎஃப்பில் தொடக்க இருப்பு அந்தக் கணக்கின் பெயரையே சதுர அடைப்புக்குள் போட்டுத்தான் எழுதப்படுகிறது. தனக்குத் தானே டிரான்ஸ்ஃபர் என்று பார்த்து இம்போர்ட் குழம்புவது இங்கே நடக்கும். வெட்டுத் தேதியில் சரியாக இருந்து பழைய தேதிகளில் மட்டும் இடித்தால், நாளும் மாதமும் புரண்டிருக்கின்றன. வித்தியாசத் தொகை அப்படியே ஒரு பதிவின் தொகையாக இருந்தால் அது விடுபட்டிருக்கிறது அல்லது இரட்டித்திருக்கிறது. வித்தியாசத்தில் சரிபாதி ஒரு பதிவின் தொகை என்றால் அந்தப் பதிவின் கூட்டல், கழித்தல் குறி மாறியிருக்கிறது.

எதற்கும் பிடிபடவில்லையா? காலத்தைப் பாதி பாதியாக வெட்டுங்கள். பத்து வருடக் கணக்கில் நடுவில் உள்ள மாதத்தின் இறுதி இருப்பை இரண்டிலும் பாருங்கள். சரியாக இருந்தால் தவறு பிற்பாதியில், இடித்தால் முற்பாதியில். மீண்டும் அந்தப் பாதியின் நடு மாதம். 120 மாதங்களில் ஏழு பார்வைக்குள் குற்றவாளி மாதம் சிக்கிவிடும். ஆரம்பத்திலிருந்து வரி வரியாக ஒப்பிடுகிறவர்கள் மூன்றாம் வருடத்திலேயே களைத்துப்போய், 'சரிக்கட்டல்' என்று ஒரு பதிவு போட்டு மூடிவிடுகிறார்கள். அந்தச் சரிக்கட்டல் பதிவை மட்டும் செய்யாதீர்கள். இடிக்கும் தொகை, ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டும் இரண்டு தவறுகளின் கழிவாகவும் இருக்கலாம்.

9. பங்குகள், மியூச்சுவல் ஃபண்டுகள், அயல் நாணயம்

இங்கே என் கருத்து கொஞ்சம் கறாரானது: முதலீட்டு வரலாற்றைத் தானியங்கியாக மாற்ற முயல வேண்டாம். பங்குப் பிரிப்பு, மறுமுதலீடான டிவிடெண்ட், எந்த வாங்கல் எந்த விற்பனைக்கு ஈடு என்ற விவரம் இவையெல்லாம் கியூஐஎஃப்பில் அரைகுறையாகத்தான் பயணிக்கின்றன. யூனிட் எண்ணிக்கை சரியாக வந்து, அடக்க விலை தவறாக வருவது சகஜம். விற்று வரி கட்டும் நாளில்தான் அது தெரியவரும்.

வெட்டுத் தேதியில் எத்தனை யூனிட், என்ன அடக்க விலை, எப்போது வாங்கியது என்பதைக் கையால் தொடக்கப் பதிவுகளாக எழுதுங்கள். ஒவ்வொரு வாங்கலுக்கும் தனிப் பதிவு. பழைய வரலாறு பிடிஎஃப் அறிக்கையாக இருக்கட்டும்.

அயல் நாணயக் கணக்குகளைத் தனி இம்போர்ட்டில் கொண்டுவாருங்கள். கோப்பில் நாணயம் குறிக்கப்படாததால், ஒரு தடவை ஏற்றும் கோப்புகள் எல்லாம் ஒரே நாணயம் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். நாணயம் மாறிய டிரான்ஸ்ஃபர்களைக் கையால் இணைக்க வேண்டியிருக்கும்.

10. கோப்பைப் புதிய கணினிக்குக் கொண்டுபோவது

இரண்டு பக்கமும் க்னூகேஷின் ஒரே பெரிய பதிப்பு இருக்கட்டும். விண்டோஸில் 5 வரிசையில் சேமித்ததை, லினக்ஸ் வெளியீடு (நீங்கள் நிறுவிய உபுண்டு போன்ற லினக்ஸ் வகை) தரும் பழைய 4 வரிசையில் திறக்க முயல வேண்டாம். பழைய 2.6 போன்ற பதிப்பிலிருந்து வருகிறவர்கள் 3, 4, 5 என்று ஒவ்வொரு வரிசையிலும் ஒருமுறை திறந்து சேமித்து ஏறுவது பாதுகாப்பானது.

கோப்பை எஸ்கியூலைட் என்ற தரவுத்தள வடிவத்தில் வைத்திருந்தால், கொண்டுபோகும் பிரதியை எக்ஸ்எம்எல்லாகச் சேமியுங்கள். சில லினக்ஸ் வெளியீடுகளில் எஸ்கியூலைட்டுக்கான டிரைவர் தனிப் பொதியாக வருகிறது. அது இல்லாவிட்டால் நல்ல கோப்பும் திறக்காது, கோப்பு கெட்டுப்போய்விட்டது என்ற பயம்தான் மிஞ்சும்.

க்னூகேஷை மூடிவிட்டுக் காப்பி செய்யுங்கள். திறந்திருக்கும்போது அதே ஃபோல்டரில் ஒரு பூட்டுக் கோப்பு இருக்கும்; அதையும் சேர்த்துக் கொண்டுபோனால் புதிய கணினி 'வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்' என்று சொல்லும். யூஎஸ்பி எக்ஸ்ஃபேட் வடிவில் இருந்தால் மூன்று இயங்குதளமும் படித்து எழுதும். என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்கும், கூடுதல் மென்பொருள் இல்லாமல் எழுதாது.

புதிய கணினியில் எந்தக் கோப்பைத் திறக்கிறீர்கள் என்று பாருங்கள். க்னூகேஷ் ஒவ்வொரு சேமிப்பின்போதும் முந்தைய பிரதியை அதே ஃபோல்டரில் வைக்கும்; பெயரின் நடுவே ஆண்டு முதல் விநாடி வரை 14 இலக்க நேரக்குறி இருக்கும். ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தவர்கள் இவற்றில் ஒன்றைத் திறந்து, அதிலேயே வாரக்கணக்கில் எழுதிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். நேரக்குறி இல்லாத ஒரே கோப்புதான் அசல். அதை மட்டும் கொண்டுபோனால் இந்தக் குழப்பமே இல்லை.

அசல் கோப்பில் பதிவுகள், கால அட்டவணைப் பதிவுகள் (வாடகை போல் மாதா மாதம் திரும்ப வருபவை), பட்ஜெட் எல்லாம் அடங்கிவிடும். நீங்கள் சேமித்து வைத்த அறிக்கை அமைப்புகள் அடங்காது; அவை பயனர் அமைப்பு ஃபோல்டரில் தனியே இருக்கின்றன. ஃபோல்டர் எங்கே என்று 'உதவி' மெனுவில் உள்ள மென்பொருள் விவரப் பெட்டியே சொல்லும். லினக்ஸில் ஃப்ளாட்பேக்காக (தனித்து இயங்கும் ஒரு பொதி வடிவம்) நிறுவியிருந்தால் அதற்கென்று வேறு மறைவிடம். வழக்கமான ஃபோல்டரில் கோப்பைப் போட்டுவிட்டு அறிக்கை வரவில்லையே என்று தேட வேண்டாம்.

ரசீதுகளைப் பதிவுகளோடு இணைத்திருந்தால் அந்த இணைப்புகளின் பாதையைக் கவனியுங்கள். டிரைவ் எழுத்தோடு தொடங்கும் விண்டோஸ் பாதை புதிய கணினியில் எதையும் காட்டாது. கிளம்பும் முன்பே விண்டோஸில் இணைப்புகளுக்கான தலைப் பாதையை (ரசீதுகள் இருக்கும் ஃபோல்டரை) அமைத்து, இணைப்புகளை அந்த ஃபோல்டரிலிருந்து தொடங்கும் சார்புப் பாதையாக்குங்கள். புதிய கணினியில் அந்த ஒரு அமைப்பை மாற்றினால் போதும். லினக்ஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமும் கணக்கில் வரும்.

11. எந்த வழியிலும் வராதவை

மென்பொருள் மாறியவர்களுக்குக் கால அட்டவணைப் பதிவுகளும் பட்ஜெட்டும் வராது. அவற்றைப் பழைய திரையைப் பார்த்துக் கையால் எழுத வேண்டும். அடுத்த நிகழ்வுத் தேதியை வெட்டுத் தேதிக்குப் பிந்தையதாக வையுங்கள், இல்லாவிட்டால் போன மாத வாடகை மறுபடி பதிவாகும்.

வங்கியோடு நேரடி இணைப்பு, பங்கு விலை எடுக்கும் வசதி இரண்டையும் புதிதாக அமைக்க வேண்டும். விலை எடுக்க க்னூகேஷ் பெர்லில் எழுதிய தனிப் பாகத்தை நம்பியிருக்கிறது. அதை நிறுவாமல் 'விலை வரவில்லை' என்று அலுத்துக்கொள்வது வழக்கம்.

12. வைன், மெய்நிகர் கணினி?

விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் மூலம் பழைய மென்பொருளையே ஓட்டலாமே என்று தோன்றும். ஓடினால் நல்லது. மைக்ரோசாஃப்ட் மணி போன்றவை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பாகங்களை நம்பியிருப்பதால், இன்று ஓடுவது அடுத்த அப்டேட்டில் நிற்கலாம். தினசரிக் கணக்குக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

பழைய கோப்பைத் திறந்து பார்ப்பதற்கு மட்டும் மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) விண்டோஸையும் பழைய மென்பொருளையும் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஆப்பிள் சிப் உள்ள மேக்கில் ஏஆர்எம் (அந்தச் சிப்பின் வகை) விண்டோஸ்தான் ஓடும் என்பதால், உங்கள் பழைய மென்பொருள் அதில் நிறுவப்படுகிறதா என்று பழைய கணினி இருக்கும்போதே சோதித்துவிடுங்கள்.

13. பழைய கணினியை எப்போது விடுவிப்பது?

கோப்பு புதிய கணினியில் திறந்த நிமிடத்திலிருந்து எழுதும் இடம் அது ஒன்றுதான். பழைய கணினியில் அதே கோப்பைச் சும்மா பார்க்கத் திறந்தால்கூடக் கால அட்டவணைப் பதிவுகளை எழுதட்டுமா என்று கேட்கும்; ஆமாம் என்று அழுத்திவிட்டால் கணக்குக்கு இரண்டு கிளைகள். பழைய பிரதியின் பெயரில் 'பழையது' என்று சேர்த்து, படிக்க மட்டும் என்று மாற்றிவிடுங்கள். கோப்பை மேகச் சேமிப்பில் வைத்து இரண்டு கணினியிலும் திறப்பவர்களுக்கும் இது பொருந்தும். பூட்டுக் கோப்பு ஒத்திசைந்து வருவதற்குள் இரண்டாவது கணினி திறந்துவிடும்.

புதிய கணினியில் எல்லா வங்கிக் கணக்குகளும் கார்டுகளும் இரண்டு ஸ்டேட்மென்ட் வரை டேலி ஆன பிறகு பழைய டிஸ்க்கை அழிக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி போடும் கணக்கு இருந்தால் அந்த வட்டியும் வரும் வரை பொறுங்கள். அழிக்கும் முன் பழைய தரவுக் கோப்பு, கியூஐஎஃப் கோப்புகள், இருப்புப் பட்டியல் பிடிஎஃப், பழைய மென்பொருளின் நிறுவல் கோப்பு நான்கையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, குறியாக்கம் செய்த வெளி டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள்.